தஞ்சைப் பக்கம் சைக்கிளில் வரைபடக் கட்டம் சேர்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வரைபடத்தை ஒரே அளவுச் சதுரங்களாகப் பிரித்துவிடுவார்கள். ஜிபிஎஸ் பதிவோடு நம் சைக்கிள் எந்தச் சதுரத்துக்குள் போனாலும், கட்டம் எண்ணும் இணையதளத்தில் அது நம் கணக்கில் நிறம் மாறிவிடும். அப்படி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போவதுதான் இந்த விளையாட்டு. பரிசு கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் பத்து வருடமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு பார்க்காத கிராமங்களுக்கு எல்லாம் இது உங்களைக் கூட்டிப்போகும்.

இதைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவில் ஓட்டுபவர்கள் எழுதியது. அதைப் படித்துவிட்டு வெண்ணாற்றங்கரையில் போய் நின்றால் பாதிக்கு மேல் உதவாது. வாய்க்கால், முறைப்பாசனம், கருவேல முள், களிமண் என்று இங்கே கணக்கே வேறு. நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை வட்டாரத்தில் ஓட்டுபவர்களுக்கு நேராகப் பயன்படும். மற்ற ஊர்க்காரர்கள் முதல் ஆறு படிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. கட்டத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விளையாட்டு பயன்படுத்துவது, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் 14ஆம் நிலைக் கட்டங்கள். உலகத்தைக் குறுக்கே 16,384 பத்திகளாகப் பிரித்தால் வருவது இது. பூமத்திய ரேகையில் ஒரு கட்டத்தின் பக்கம் 2.45 கிலோமீட்டர் அளவில் இருக்கும். வடக்கே போகப் போகச் சுருங்கும். லண்டனில் அது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்தான். தஞ்சாவூரில் 2.4 கிலோமீட்டர்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் எல்லாத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. லண்டனில் ஒருவர் 10க்கு 10 சதுரம் முடித்தேன் என்றால் அது 15 கிலோமீட்டருக்கு 15 கிலோமீட்டர். நீங்கள் அதே 10க்கு 10 முடிக்க வேண்டுமானால் 24க்கு 24. பரப்பில் இரண்டரை மடங்கு. அவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நமக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. கட்டம் பெரிதாக இருப்பதால், ஒரு கட்டத்தின் நடுவில் வேலி போட்ட வளாகமோ ஏரியோ இருந்தாலும் ஓரத்தில் எங்காவது ஒரு சாலை இருக்கும். கட்டத்துக்குள் உங்கள் ஜிபிஎஸ் பதிவின் ஒரு புள்ளி விழுந்தாலே போதும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு. தஞ்சைப் பெரிய கோவில் இருக்கும் கட்டம் 14/11793/7698. நடு எண் கிழக்கே போகப் போகக் கூடும், கடைசி எண் தெற்கே போகப் போகக் கூடும். இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், "98ஆம் வரிசையில் மூன்று பாக்கி" என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள வசதியாக இருக்கும்.

எண்ணிக்கை மூன்று விதம். மொத்தக் கட்டங்கள் முதலாவது. முழுவதும் நிரம்பிய மிகப் பெரிய சதுரம் இரண்டாவது, அதாவது 5க்கு 5, 8க்கு 8 என்று போவது. மூன்றாவது கொத்து, தளங்களில் கிளஸ்டர் என்று இருக்கும். ஒரு கட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் நான்கும் நிரம்பியிருந்தால்தான் அது கொத்தில் சேரும். தொடக்கத்தில் சதுரத்தைக் குறிவையுங்கள். மொத்த எண்ணிக்கையைத் துரத்தினால் நெடுஞ்சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2. கணக்குகளைத் திறப்பது

வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், பயணத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா செயலியில் ஒரு கணக்கு. இலவசக் கணக்கே போதும், சந்தா கட்ட வேண்டியதில்லை. ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தால் அதை ஸ்ட்ராவாவோடு இணைத்துவிடுங்கள். வேறு செயலியில் பழைய பயணங்கள் இருந்தால் ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து ஸ்ட்ராவா இணையதளத்தில் ஏற்றலாம். ஒரு தடவைக்கு 25 கோப்புகள் வரை ஏற்றும்.

அப்புறம் கட்டம் எண்ணும் தளம் ஒன்று. வெலோவியூவர், ஸ்டாட்ஸ்ஹன்டர்ஸ், ஸ்குவாட்ராட்ஸ் மூன்றும் பலர் பயன்படுத்துபவை. வெலோவியூவரில் எல்லாப் பயணங்களும் கணக்கில் வர ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். காசு கட்டாமல் தொடங்க ஸ்டாட்ஸ்ஹன்டர்ஸ் அல்லது ஸ்குவாட்ராட்ஸ் போதும். ஸ்குவாட்ராட்ஸில் பெரிய கட்டத்தை 64 ஆகப் பிரித்த குட்டிக் கட்டங்களும் உண்டு. நம் ஊரில் ஒரு குட்டியின் பக்கம் 300 மீட்டர். தெருத் தெருவாகச் சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் முதல் வருடம் அதைத் தொடாதீர்கள், இரண்டையும் சேர்த்துத் துரத்தினால் இரண்டும் நிரம்பாது.

இங்கேதான் முதல் பொறி. தளத்தை ஸ்ட்ராவாவோடு இணைக்கும்போது அனுமதிப் பக்கம் ஒன்று வரும். அதில் தனிப்பட்ட பயணங்களையும் பார்க்க அனுமதிக்கும் பெட்டி ஒன்று இருக்கும். 'எனக்கு மட்டும்' என்று வைத்த பயணங்கள் உங்களிடம் இருந்தால் அதை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பயணங்களின் கட்டங்கள் வரவே வராது. நாள் கணக்கில் காரணம் தேடுவீர்கள்.

ஸ்ட்ராவாவில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். தினமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் கோடு, உங்கள் வீட்டு முகவரியை ஊருக்கே சொல்லிவிடும். தனியாக ஓட்டும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

3. உங்கள் விதியை முன்பே முடிவு செய்யுங்கள்

தளங்கள் எண்ணித்தான் தருகின்றன. விதியை நீங்கள்தான் வைக்க வேண்டும். நடந்து போன கட்டம் சேருமா? படகில் போனது? பல் இளித்த செருப்போடு வரப்பில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனது?

என் பரிந்துரை இது: சொந்தக் கால் வலுவில் போனது எல்லாம் சேரும், எஞ்சினில் போனது சேராது. டெல்டாவில் நடையைத் தள்ளிவிட்டால் சில கட்டங்கள் எந்தக் காலத்திலும் நிரம்பாது. கரை முடியும் இடத்தில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு முந்நூறு மீட்டர் நடக்க வேண்டி வரும். பைக்கிலோ பேருந்திலோ போகும்போது பதிவை நிறுத்த மறந்து கட்டம் விழுந்துவிட்டால், அந்தப் பகுதியை ஸ்ட்ராவாவில் வெட்டிவிடுங்கள். ஒன்றை விட்டுவைத்தால் அப்புறம் உங்கள் வரைபடத்தையே நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

4. சைக்கிள், சாமான், செலவு

விலை உயர்ந்த ரோடு சைக்கிள் இங்கே வேண்டாம். மெல்லிய டயர் ஆற்றங்கரை மண்ணில் இறங்கிவிடும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட்ட ஹைபிரிட் அல்லது வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளே போதும். புதிதாக வாங்கினால் கியர் வைத்த ஹைபிரிட் 15,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சமவெளிதானே, நிறைய கியர் தேவையில்லை.

பணத்தை எங்கே போட வேண்டும் என்றால், டயரில். டெல்டாவின் வாய்க்கால் கரைகளில் சீமைக் கருவேலம் இல்லாத இடம் குறைவு. கரையை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கிளையை வழியிலேயே போட்டிருப்பார்கள். அது காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. முள் டயரில் ஏறி நுனி மட்டும் உள்ளே ஒடிந்து நின்றுவிடும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் ஐந்தாவது நிமிடம் மறுபடி காற்று இறங்கும். டியூபை மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, அந்த நுனியைப் பிடுங்கிவிட்டுத்தான் மூட வேண்டும். விரலுக்குப் பதில் ஒரு துண்டுத் துணியால் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். சின்ன குறடு ஒன்று பையில் இருக்கட்டும், நகத்தால் அது வராது.

கட்டாயம் வேண்டியவை: இரண்டு மாற்று டியூப், ஒட்டும் பசையும் பேட்ச்சும், கைப்பம்பு, டயர் நெம்பும் கோல், பவர் பேங்க், முன் பின் விளக்கு, ஹெல்மெட், மூன்று லிட்டர் தண்ணீர். டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் இந்த மண்ணுக்கு நல்ல முதலீடு. கிராமத்துப் பஞ்சர் கடையில் ஒரு பஞ்சருக்கு ஐம்பதிலிருந்து நூறு ரூபாய்க்குள் ஆகும். ஆனால் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

தனி ஜிபிஎஸ் கருவி முதல் வருடம் தேவையில்லை, போன் போதும். ஒன்றே ஒன்று, போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பில் ஸ்ட்ராவாவுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலியை மூடிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் பத்து கிலோமீட்டருக்கு அப்புறம் கோடே இருக்காது. ஜிபிஎஸ் கருவி வாங்கியவர்கள், பதிவை ஒவ்வொரு வினாடிக்கும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது மட்டும் பதியும் முறையில் கட்டத்தின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பினால் அந்தப் புள்ளி விடுபட்டுப் போகலாம்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல் ஒன்று, பிளாஸ்டிக் உறையில். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ரத்த வகை எழுதிய அட்டை ஒன்று. சைக்கிள் வாங்கிய பில்லின் படம், சட்டகத்தில் பொறித்த எண்ணின் படம் இரண்டும் போனில். காலை ஐந்தரைக்கு ஆள் நடமாட்டமில்லாத கரையில் ஒரு சைக்கிள்காரர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும், அதில் தப்பே இல்லை. மணல், மின்மோட்டார், ஆடு என்று திருட்டுப் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

கேட்டால் என்ன சொல்வது என்பதையும் தயார் செய்துகொள்ளுங்கள். கட்டம், சதுரம், ஜிபிஎஸ் என்று ஆரம்பித்தால் நிலத்தை அளக்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள். எரிவாயு, பைப்லைன், சாலை விரிவாக்கம் என்று நிலத்துக்காகப் போராடிய ஊர்கள் இவை. "சைக்கிள்லயே எல்லா ஊரையும் பாக்கணும்னு ஆசைங்க, வரைபடத்துல குறிச்சுக்கிறேன்" என்று சொல்லிப் போனில் வரைபடத்தையே காட்டிவிடுங்கள். தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்கு வழியையும் அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

6. வீட்டைச் சுற்றி ஓட்டை விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் நீளமாக ஓட்டிவிட்டு வருவார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் பழைய சாலையில் போனால் 40 கிலோமீட்டர், அதில் சுமார் 20 கட்டம் விழும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஒரு கோடு. சதுரமும் வளராது, கொத்தும் வளராது.

வீடு இருக்கும் கட்டத்தை நடுவில் வைத்து, முதலில் 3க்கு 3. அது இரண்டு காலைகளில் முடியும். பிறகு 5க்கு 5, அதாவது 12 கிலோமீட்டர் பக்கம். அப்புறம் 7க்கு 7. ஒவ்வொரு வளையத்தையும் முழுதாக மூடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் பத்தாவது வளையம் வரை போய்விட்டால், ஒரே ஒரு கட்டம் சதுரத்தைத் தடுத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது ஏதோ ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சரியான வழி இல்லாத இடமாகவே இருக்கும். கஷ்டமான கட்டத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கோடு வரைவதில் சில உத்திகள். நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஊர் இருந்தால், அங்கே தெருவைச் சுற்றி வந்தாலே நான்கும் கிடைக்கும். இரண்டு பத்திகளுக்கு நடுவே ஓடும் சாலை கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு பக்கமும் சந்துகளில் நுழைந்து திரும்பி இரண்டு பத்தியையும் ஒரே பயணத்தில் நிரப்பலாம். எல்லைக் கோட்டைத் தொட்டதும் திரும்பிவிடாதீர்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியில் இன்னும் அதிகமாகத் தள்ளும். குறைந்தது 50 மீட்டர் உள்ளே போய், ஒரு மூச்சு நின்று, பிறகு திரும்புங்கள்.

7. ஆறு ஓடும் திசையில் திட்டமிடுங்கள்

டெல்டாவில் ஆறுகள் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகின்றன. கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று வடக்கிலிருந்து தெற்காக அடுக்கி வைத்தது போல இருக்கும். கரைச் சாலைகளும் அதே திசையில் போகும். ஆகவே கிழக்கு மேற்காக ஓட்டுவது சுலபம், வடக்கு தெற்காக ஓட்டுவது சிரமம். பத்தி பத்தியாகத் திட்டமிட்டால் ஒவ்வொரு ஆற்றிலும் பாலம் தேட வேண்டும். வரிசை வரிசையாகத் திட்டமிடுங்கள். ஒரு கரையில் போய், அடுத்த கரையில் திரும்பி வாருங்கள்.

வரைபடத்தில் பாலம் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நடைபாலங்கள், தண்ணீர் அடைக்கும் சட்ரஸ் மேல் உள்ள வழி எல்லாம் பல இடங்களில் வரைபடத்தில் ஏறவே இல்லை. டீக்கடையில் கேட்பதுதான் வழி. அதையும் சரியாகக் கேட்க வேண்டும். "அண்ணே, இந்தப் பக்கம் பாலம் இருக்கா?" என்று கேட்டால் கார் போகும் பாலத்தைத்தான் சொல்வார்கள், ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். "சைக்கிளை உருட்டிட்டு அக்கரைக்குப் போக முடியுமாண்ணே?" என்று கேளுங்கள். "சைக்கிள்தானே தம்பி, அந்த சட்ரஸ் மேலயே தள்ளிட்டுப் போயிடலாம், கைப்பிடி ஒரு பக்கம் இருக்காது, பாத்து" என்று பதில் வரும். சட்ரஸ் மேல் ஏறும்போது சைக்கிளைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, நீங்கள் கைப்பிடிப் பக்கம் நடங்கள்.

கொள்ளிடம் தனிக் கதை. ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அகலமான இடங்கள் உண்டு, பாலங்களோ தள்ளித் தள்ளி இருக்கின்றன. தஞ்சாவூர் அரியலூர் சாலையில் திருமானூர் ஒன்று. கிழக்கே கும்பகோணத்துக்கு வடக்கில் நீலத்தநல்லூர் மதனத்தூர், அதற்கும் கிழக்கே அணைக்கரை, பிறகு சீர்காழி சிதம்பரம் சாலை. இங்கேதான் பலர் தேவையில்லாமல் அக்கரைக்குப் போகிறார்கள். ஆறு எவ்வளவு அகலமாக இருந்தாலும் கட்டத்தின் 2.4 கிலோமீட்டரை விடக் குறைவு. ஆகவே ஆறு ஓடும் கட்டத்தை இக்கரையிலிருந்தோ அக்கரையிலிருந்தோ எப்படியும் தொட்டுவிடலாம். முதலில் தென்கரைச் சாலையில் போய் எவையெல்லாம் விழுகின்றன என்று பாருங்கள். மிச்சத்தை ஒரே நாளில், திருமானூரில் ஏறி மதனத்தூரில் இறங்குவது போல வடகரையில் முடித்துக்கொள்ளலாம்.

மணலில் குறுக்கே நடந்து போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. மேலே முக்கொம்பு அணையில் உபரி நீரைத் திறந்தால் அது கொள்ளிடத்தில்தான் வரும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும்.

கல்லணைக் கால்வாயின் கரையும் அப்படித்தான். தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்வது இதைத்தான். ஓட்டுவதற்கு அருமையான கரை, ஆனால் கான்கிரீட் சரிவு போட்ட இடங்களில் தண்ணீர் வேகமாகப் போகும், விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நடுக்கரையில் ஓட்டுங்கள். எதிரே டிராக்டர் வந்தால் இறங்கி நின்றுவிடுங்கள்.

8. எந்த மாதம் எங்கே

பிப்ரவரி முதல் மே வரை டெல்டாவின் உட்புறம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும், ஜூன் 12இல் திறக்கப்படும். அணையின் நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும், ஆகவே செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் சின்ன வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும், சைக்கிளைத் தோளில் போட்டு இறங்கி ஏறிவிடலாம். நெல் அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும், பயிர் இல்லாத வயலின் வரப்பில் நடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வழியே இல்லாத கட்டங்களுக்கு என்று ஒரு பட்டியல் போட்டு இந்த நான்கு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

ஜூன் கடைசியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அப்போது பாலமுள்ள சாலைகளை மட்டும் வைத்துத் திட்டமிடுங்கள். பயிர் நிற்கும் வயலின் வரப்பில் சைக்கிளை இறக்கவே கூடாது. ஒரு கரை உடைந்தால் ஒருவருடைய தண்ணீர் போகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. டெல்டாவின் களிமண் ஈரமானால் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், அதுவும் களிமண் சேர்ந்து இரண்டு பங்கு எடை. இந்த மாதங்களில் தென்மேற்கே திரும்புங்கள். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேட்டு நிலம், மழை நின்ற சில மணி நேரத்தில் ஓட்டலாம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி, சதுரத்தின் ஒரு பாதியைக் கோடையிலும் மறு பாதியை மழையிலும் வளர்க்கலாம்.

சம்பா அறுவடையின்போது, ஜனவரி பிப்ரவரியில், கிராமச் சாலைகளில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். வைக்கோல் பரப்பிய இடத்திலும் அதே. செயினிலும் கியரிலும் வைக்கோல் சுற்றினால் எடுப்பதற்கு அரை மணி நேரம்.

9. நுழையக் கூடாத இடங்கள்

தஞ்சாவூரில் விமானப்படை நிலையம் இருக்கிறது. அதன் சுவரை ஒட்டி நின்று போனை எடுத்துப் படம் பிடிப்பதோ, வாசலில் நின்று வரைபடம் பார்ப்பதோ வேண்டாம். அந்தக் கட்டங்களைப் பொதுச்சாலையிலிருந்தே தொடலாம், வீட்டிலேயே வழியைப் பார்த்துவிட்டு நிற்காமல் ஓட்டிக்கொண்டு போங்கள். எண்ணெய்க் கிணறு வளாகங்களுக்கும் இதே முறை.

கடற்கரைப் பக்கம் வனத்துறையின் அனுமதி தேவைப்படும் இடங்கள் இரண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை ஊர் வரை போகும் சாலை பொதுவழிதான். சரணாலயத்துக்குள் போக வேண்டுமானால் வனத்துறை அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சைக்கிளை உள்ளே விடுவார்களா, எது வரை விடுவார்கள் என்பதை முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக முடியும், அதற்கும் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். மோட்டார் படகில் போவது உங்கள் விதிப்படி சேராது என்றால், அந்தக் கட்டங்களை விட்டுவிட்டுச் சதுரத்தை உள்நாட்டுப் பக்கம் வளர்த்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கடலில் இருக்கும் கட்டமும் அப்படித்தான். நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ வீடு இருந்தால், வீட்டை நடுவில் வைத்துச் சதுரம் கட்ட முடியாது. வீட்டைச் சதுரத்தின் கிழக்கு ஓரமாக வைத்துக்கொண்டு மேற்கே போங்கள்.

உப்பளம், இறால் பண்ணை, தென்னந்தோப்பு எல்லாம் ஒருவருடைய சொத்து. ஆள் இருந்தால் கேளுங்கள், ஆள் இல்லாவிட்டால் திரும்புங்கள். இறால் பண்ணைகளில் நாய் கட்டிப்போட்டிருக்காது. துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். மறுநாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

10. தூரக் கட்டங்களுக்கு ரயில்

சதுரம் 9க்கு 9ஐத் தாண்டியதும் ஓரக் கட்டத்துக்குப் போய்ச் சேரவே நேரம் போய்விடும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ரயில் பாதை அதற்கு உதவும். சைக்கிளைப் பெட்டிக்குள் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. உங்கள் பயணச் சீட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள். சைக்கிளில் பெயர், போன் எண், புறப்படும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். ரசீதை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள், அது இல்லாமல் சைக்கிளைத் தர மாட்டார்கள்.

பொறி என்னவென்றால், எல்லா வண்டியிலும் லக்கேஜ் ஏற்ற மாட்டார்கள், ஒரு நிமிடம் நிற்கும் சின்ன ஸ்டேஷன்களில் இறக்கவும் மாட்டார்கள். ஆகவே பெரிய ஸ்டேஷனில் ஏற்றிப் பெரிய ஸ்டேஷனில் இறக்குவது போலத் திட்டமிடுங்கள். எந்த வண்டி என்று முதல் நாள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது ரயில் பிடிப்பதை விட, காலையில் ரயிலில் போய் ஓட்டிக்கொண்டு திரும்புவது நல்லது. சாயங்காலம் களைத்துப்போய்ப் பார்சல் கவுன்ட்டர் பூட்டியிருப்பதைப் பார்ப்பது போல ஒரு சோர்வு கிடையாது. நாலைந்து பேராகப் போனால் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடிப்பது தலைக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய செலவில்லை, நேரமும் மிச்சம்.

11. வீட்டுக்கு வந்ததும்

பதிவை நிறுத்திச் சேமித்துவிட்டு, ஸ்ட்ராவாவில் கோடு முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டத் தளத்தில் புதுக் கட்டம் உடனே தெரியாமல் போகலாம், சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பயணத்தின் வகை சைக்கிள் என்று இருக்கிறதா, அனுமதி டிக் இருக்கிறதா என்று இரண்டையும் சரிபாருங்கள். விடுபட்ட கட்டம் இருந்தால் எந்த இடத்தில், எத்தனை மீட்டரில் விட்டது என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நோட்டில் குறித்துவிடுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லாத நடைபாலத்தையோ கரைச் சாலையையோ பார்த்திருந்தால், ஒரு இலவசக் கணக்குத் திறந்து அன்றைக்கு ராத்திரியே அதை வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை. அடுத்து அந்தக் கட்டத்தைத் தேடி வருபவர் ஏழு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்காது. ஆனால் ஒரு தனியார் தோப்புக்காரர் அன்றைக்கு உங்களை மட்டும் விட்ட வழியைப் பொதுவழி என்று ஏற்றாதீர்கள். பிறகு கண்டவர்களும் உள்ளே வந்தால் அவர் கதவைப் பூட்டிவிடுவார்.

கடைசியாக டயரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முள் ஏறியிருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள். விட்டால் காலை ஐந்து மணிக்கு, கிளம்பும் நேரத்தில்தான் காற்று இறங்கிக் கிடக்கும்.